பெயருள்ள சிறையும் பெயரற்ற சிறையும்: சயாம் மரண இரயில் பாதை பற்றிய மேனாட்டு, தமிழ் நூல்கள் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

சிறைவாழ்வு, அடிமைத்தனம், துன்பத்தைத் தாங்கி மீளும் மனித ஆற்றல் ஆகியன பற்றி எழுந்த நூல்கள் இருபதாம் நூற்றாண்டின் உலக இலக்கியத்தில் தனியொரு வகையாகவே வளர்ந்துள்ளன. அவ்வகை நூல்களுள் கணிசமானவை நம் நாட்டு மண்ணோடு நேரடித் தொடர்புடைய ஒரு நிகழ்வைப் பற்றியவை. சப்பானியர் 1942-43ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த இரயில் பாதையே அந்நிகழ்வு. அப்பாதையில் உழைத்த போர்க்கைதிகள் பற்றி ஆங்கிலத்தில் நாட்குறிப்புகளும் தன்வரலாறுகளும் புதினங்களும் ஏராளமாக வந்துள்ளன. அதே பாதையில் அவர்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் மடிந்த ஆசியத் தொழிலாளர் பற்றி, குறிப்பாக மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பற்றி, எழுந்த நூல்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இவ்விருவகை நூல்களையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்றில் வீரமும் மற்றதில் அவலமும் உள்ளன என்ற எளிய முடிவோடு நாம் நின்றுவிட இயலாது. ஒருவன் துன்பத்தைத் தாங்குவதற்கும், தாங்கியதை எழுதுவதற்கும் எவை துணை நின்றன என்னும் வினாவை எழுப்பினால்தான் இரு தொகுதிகளுக்கும் இடையிலான வேறுபாட்டின் வேர் புலனாகும்.

வரலாற்றுப் பின்புலம்

கோலாலம்பூர் 1942 சனவரி 11-ஆம் நாள் சப்பானியர் வசமாயிற்று. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த சப்பானியப் படைக்குத் தரைவழியாகப் பொருள் அனுப்பும் பொருட்டு, சயாமின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை அமைக்கும் பணி அதே ஆண்டில் தொடங்கியது. இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17-இல் இணைக்கப்பட்டன.

இப்பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் உழைத்தனர்; அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் எண்ணிக்கையோ ஒன்றே முக்கால் இலட்சத்திற்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் 90,000 பேர் அளவில் மாண்டிருக்கலாம் என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடாகும். மலாயாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 78,000 பேர் என்றும், அவர்களுள் 29,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்றும், 24,000-க்கும் மேற்பட்டோர் 'ஓடிப்போயினர்' என்றும் போருக்குப் பிந்தைய கணக்கொன்று கூறுகிறது. அடர்ந்த காட்டில், மருந்தும் உணவும் இன்றி 'ஓடிப்போனவர்' எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்பியிருப்பர் என்பதை அக்கணக்கு கூறவில்லை. மலாயாவிலிருந்து சென்றோரில் மிகப் பெரும்பாலோர் தமிழர் ஆவர்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்கும் இரயில் குடியிருப்புகளுக்கும் இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்வெட்டு வேலையும் கூலியும் அரிசியும் ஒருசேர அற்றுப்போயின. நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக் கூலி, சில மாத ஒப்பந்தம், இலவச உணவு என்னும் வாக்குறுதியோடு ஆள் சேர்ப்பு தொடங்கியது. தேவையான எண்ணிக்கை கிட்டாதபோது தோட்டத்திற்கு இத்தனை பேர் எனக் கட்டாயமாயிற்று. இலவசப் படக்காட்சிக்கு வந்தோரை வளைத்து ஏற்றிச் சென்ற நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. மலாயாவின் கிழக்குக் கரை இரயில் பாதையின் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிரிக்ஃபீல்ட்சிலும் செந்தூலிலும் வாழ்ந்த இரயில்வே தொழிலாளரின் முந்திய தலைமுறையினர் பாடுபட்டுப் பேணிய இரும்பும், தோட்டத் தமிழரின் உடலும் ஒரே திசையில் சென்றன என்பது கருதத்தக்கது.

மேனாட்டு நூல்கள் காட்டும் சிறை

போர் முடிந்த மறு ஆண்டிலேயே, 1946-இல், ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ரோகன் ரிவெட் தம் சிறை அனுபவத்தை 'மூங்கிலுக்குப் பின்னால்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றில் அதிகாரியாக இருந்த எர்னஸ்ட் கோர்டனின் நூல் 1962-இல் வந்தது. மலாயாத் தொண்டர் படையைச் சேர்ந்த மருத்துவர் இராபர்ட் ஹார்டி மறைவாக எழுதிவந்த நாட்குறிப்பு 1983-இலும், ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் எட்வர்ட் டன்லப்பின் போர்க்கால நாட்குறிப்புகள் 1986-இலும், எரிக் லோமாக்சின் தன்வரலாறு 1995-இலும் வெளிவந்தன. தம் தந்தை அப்பாதையில் கைதியாக உழைத்ததைப் பின்னணியாகக் கொண்டு ரிச்சர்ட் ஃப்ளானகன் 2013-இல் எழுதிய புதினம் அடுத்த ஆண்டு புக்கர் பரிசைப் பெற்றது.

இந்நூல்களுள் இரண்டை மட்டும் சற்று விரிவாக நோக்குவோம். கோர்டன் சுங்கை முகாமில் பல நோய்கள் ஒருங்கே தாக்க, சாகக் கிடப்போருக்கான கொட்டகையில் விடப்பட்டவர். தோழர் இருவர் நாள்தோறும் அவருடைய புண்களைக் கழுவி, கால்களைத் தேய்த்துவிட்டு, அவரை மீட்டெடுத்தனர். அம்மீட்சியை அவர் இறைநம்பிக்கையின் வழியாக விளங்கிக்கொண்டார். பின்னாளில் சமயப்பணி ஏற்று அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் தலைவரானார். லோமாக்சோ கைதிகள் மறைத்து வைத்திருந்த வானொலிக் கருவியும் தாம் வரைந்த நிலப்படமும் பிடிபட்டதால் காஞ்சனபுரியில் கொடிய சித்திரவதைக்கு உள்ளானவர். அப்போது மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தகாசியை அரை நூற்றாண்டுக்குப் பின், 1993-இல், அதே ஊரில் சந்தித்து மன்னித்ததே அவர் நூலின் உச்சம்.

இந்நூல்கள் தாங்குதிறனைத் தனிமனிதனின் அகத்தில் காண்கின்றன. நம்பிக்கை, மனவுறுதி, நட்பு, மன்னிப்பு ஆகியவை அவற்றின் மையச் சொற்கள். ஆயினும் அந்நூல்கள் தரும் விவரங்களையே கூர்ந்து நோக்கினால் வேறொன்றும் தெரியவருகிறது. முகாமில் படைப்பிரிவு கலையாமல் இருந்தது; தர வரிசை இருந்தது; ஆணையிட்டுக் கழிப்பிடக் குழி வெட்டச் செய்யவும், கொதிக்க வைத்த நீரையே குடிக்கச் செய்யவும் அதிகாரி இருந்தார்; கருவி போதாவிடினும் மருத்துவர் இருந்தார்; இறந்தோர் பெயரையும் நாளையும் குறித்துவைக்க எழுத்தர் இருந்தார். கோர்டனைக் காப்பாற்றிய தோழரும் இவ்வமைப்பு குலையாதிருந்ததாலேயே அவரருகில் இருக்க முடிந்தது. இவற்றை நாம் சுட்டுவது அவருடைய நம்பிக்கையைக் குறைத்து மதிப்பிடுவதற்காக அன்று. அந்நம்பிக்கை வேர்கொள்ள ஓர் அமைப்பு நிலமாக இருந்தது என்பதைக் காட்டுவதற்கேயாகும்.

காட்சிக்குள் வாராத தமிழர்

உலகம் முழுவதும் இப்பாதையை அறியச் செய்தது பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952-இல் வெளியிட்ட குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய புதினமும், 1957-இல் அதனையொட்டி டேவிட் லீன் இயக்கிய திரைப்படமுமே. பூல் 1936 முதல் 1939 வரை மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் தொழில்நுட்பராகப் பணியாற்றியவர். அன்றைய மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியோரில் மிகப் பலர் தமிழர். தோட்டச் சூழலை வைத்து அவர் வேறொரு புதினமும் எழுதியுள்ளார். அவர் அறிந்த அந்த உலகின் மக்களே அவர் எழுதிய பாதையில் ஆயிரக்கணக்கில் செத்தனர். எனினும் பாலம் பற்றிய கதை பிரித்தானிய அதிகாரி ஒருவரின் தன்மானத்திற்கும் சப்பானியத் தளபதியின் ஆணவத்திற்கும் இடையிலான மோதலாகவே அமைந்துவிட்டது.

கைதிகளின் நாட்குறிப்புகளில் தமிழர் முற்றிலும் இல்லை என்று கூறவியலாது. ஹார்டி போன்று மலாயாவை முன்பே அறிந்தோர் கண்களுக்கு அவர்கள் தென்பட்டனர். 1943-இல் சிங்கப்பூரிலிருந்த கைதிகளுள் மருத்துவரும் பணியாளரும் கொண்ட 'கே', 'எல்' என்னும் இரு குழுக்கள் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. ஆனால் இவை போன்ற பதிவுகளில் தமிழர் தூரத்தில் நிற்கும் கூட்டமாகவும், நோயாளிகளாகவும், பிணங்களாகவும் வருகின்றனரேயன்றிப் பெயருள்ள மாந்தராக வருவது அரிது. வாய்க்கால் நீரைக் குடித்து, வாந்திபேதி கண்டு, எதிர்ப்பின்றி மடிந்த சாதுவான கூட்டம் என்னும் தோற்றம் இவ்வாறே நிலைபெற்றது.

இத்தோற்றம் ஆராயப்பட வேண்டியது. சப்பானியர் வருகைக்கு ஓராண்டுக்கும் குறைவான காலத்திற்கு முன்பு, 1941-இன் முற்பகுதியில், இதே கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர் பெரும் வேலைநிறுத்தம் நடத்தினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் அதில் முன்னின்றனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பதோடு, துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கை. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். மிதிவண்டியில் நிமிர்ந்து செல்லும் உரிமைக்காக உயிர்கொடுத்த ஒரு சமூகம், ஈராண்டுக்குள் இயல்பாகவே எதிர்ப்புணர்வு அற்றதாகிவிட்டது என்று கூறுவது பொருந்தாது.

சயாமில் அவர்களிடம் இல்லாதது மனவுறுதி அன்று. 1941-இல் தலைமை தந்தோர் அகற்றப்பட்டுவிட்டனர். ஒரு தோட்டத்தார் வெவ்வேறு முகாம்களுக்குச் சிதறடிக்கப்பட்டனர். சிலர் மனைவி மக்களோடு சென்றிருந்தனர். நீரைக் கொதிக்கவைக்கச் சொல்லும் அதிகாரியோ, அதற்கான பாத்திரமோ, நோயைக் கண்டறியும் மருத்துவரோ இல்லை. 1943-இன் பருவமழைக் காலத்தில் வாந்திபேதி பரவியபோது இவ்வேறுபாடே உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாயிற்று. மேனாட்டு நூல்கள் அகத்தின் வெற்றியாகக் காட்டும் தாங்குதிறன் பெருமளவு அமைப்பின் வலிமையே என்பதற்குத் தமிழரின் மரணமே மறுதலைச் சான்றாகிறது.

தமிழ் நூல்கள் காட்டும் சிறை

இந்நிகழ்வைத் தமிழில் புதினமாக்கிய படைப்புகளுள் முதன்மையானது ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்'. 1993-இல், அதாவது தண்டவாளங்கள் இணைந்து சரியாக அரை நூற்றாண்டு கழிந்தபின், அது நூலுருப் பெற்றது. இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' வெளிவந்தது. அவருடைய 'லங்காட் நதிக்கரை' சிலாங்கூரில் சப்பானியர் காலத்தையும் அதனைத் தொடர்ந்த அவசரகாலத்தையும், 'இமயத் தியாகம்' இந்திய தேசிய இராணுவத்தையும் களமாகக் கொண்டவை. பின்னர் சீ. அருண் சயாம்-பர்மா இரயில் பாதை பற்றிய வரலாற்று நூலைத் தமிழில் அளித்தார்.

இத்தமிழ்ப் படைப்புகளை மேனாட்டு நூல்களோடு ஒப்பிடுங்கால் மூன்று வேறுபாடுகள் தெளிவாகின்றன.

முதலாவது, சிறை எங்குத் தொடங்குகிறது என்பது. போர்க்கைதியின் நூலில் சிறை சிங்கப்பூரின் வீழ்ச்சியோடு தொடங்குகிறது. அதற்கு முன்பிருந்தது சுதந்திர வாழ்வு. தமிழ்ப் புனைவிலோ கதையின் வேர் தோட்டத்து லயத்தில் உள்ளது. விடியற்காலைப் பெரட்டு, கங்காணியின் அதட்டல், கிராணியின் கணக்குப் புத்தகம் ஆகியன சயாமுக்கு முன்பே அம்மக்களின் வாழ்வை வரையறுத்திருந்தன. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறைக் குடியேற்றம் 1938-இல் இந்திய அரசின் தடையால் நின்றது. ஆயினும் பெயர்ப் பட்டியலைத் துரை தர, ஆளைக் கங்காணி திரட்ட, வண்டியில் ஏற்றி அனுப்பும் முறை சப்பானியருக்கு ஆயத்தமாகவே கிடைத்தது. இந்தியத் தொழிலாளர் குடியேற்றத்தை ஆராய்ந்த ஹியூ டிங்கர் 1974-இல் தம் நூலுக்கு 'புதியதோர் அடிமைமுறை' எனப் பொருள்படும் தலைப்பிட்டது இங்கு நினையத்தக்கது. சயாம் ஒரு திடீர்ப் பாதாளமன்று. ஏற்கனவே இறங்கிக்கொண்டிருந்த படிக்கட்டின் கடைசிப் படி.

இரண்டாவது, பகைவன் யார் என்பது. லோமாக்சுக்கு ஒரு நாகாசே இருந்தார்; அவரைத் தேடிச் செல்லவும், வெறுக்கவும், இறுதியில் கைகுலுக்கவும் முடிந்தது. தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய ஒற்றை முகம் இல்லை. அடித்தவன் சப்பானியன், பெயரைக் கொடுத்தவன் தோட்டத்தின் ஆள், அழைத்துச் சென்றவன் சிலவேளை அவன் மொழியே பேசியவன், கைவிட்டுச் சென்றது பிரித்தானிய ஆட்சி. ஆகவே மன்னிப்பில் முடியும் கதையமைப்பு தமிழில் உருவாக இயலவில்லை. இதனைக் கலைக்குறையாகக் கருதுவோர் உளர். அமைப்பே பகையாக இருக்கும்போது தனிமனிதச் சமரசத்தில் கதையை முடிக்காதிருப்பதே நேர்மை என்பது நம் கருத்து.

மூன்றாவது, தாங்குபவர் யார் என்பது. மேனாட்டு நூலில் தாங்குபவன் முகாமில் இருப்பவனே. தமிழர் வரலாற்றிலோ சுமையின் மறுபாதி தோட்டத்தில் தங்கிவிட்டவர் தலையில் விழுந்தது. 'சயாமுக்குப் போனவர்' என்னும் தொடர் தோட்டத்து வழக்கில் ஏறக்குறைய ஒரு நிலைப்பெயராகவே மாறியது. போனவர் இறந்தார் என்னும் செய்தி எவராலும் முறையாக அறிவிக்கப்படவில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாவா, கருமாதி செய்வதா காத்திருப்பதா, எந்தத் திதியில் படைப்பது என்னும் வினாக்களுக்கு விடையில்லாமல் பெண்கள் மரவள்ளிக் கிழங்கு நட்டுப் பிள்ளைகளை வளர்த்தனர். பிணமும் நாளும் இல்லாத துக்கத்தைத் தாங்குவதும் ஒருவகைச் சிறைவாழ்வே. இதனைப் பற்றி மேனாட்டு நூல்கள் நமக்குக் கற்பிக்கக் கூடியது சிறிது. நம் சமூக நினைவே இதற்கு மூலம்.

சொல்லும் உரிமையும்

இவ்விரு தரப்பாரையும் குறிக்க வழங்கிய சொற்களும் ஆய்வுக்குரியன. ஒருவர் 'போர்க்கைதி', மற்றவர் 'கூலி'. சப்பானியர் வழக்கில் அவர் 'ரொமுசா'. கைதி என்னும் சொல்லுக்குப் பின்னால் பன்னாட்டு உடன்படிக்கை இருந்தது. 1951-ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கை முன்னாள் போர்க்கைதிகளுக்கென ஒரு விதியைக் கொண்டிருந்தது. பிரித்தானிய அரசு தன் முன்னாள் கைதிகளுக்குத் தலா 10,000 பவுன் வழங்கும் முடிவை 2000-இல் அறிவித்தது. கூலி என்னும் சொல்லுக்குப் பின்னால் இருந்ததோ நிறைவேற்றப்படாத ஒப்பந்தம் மட்டுமே. கட்டாயப்படுத்தப்பட்டோரும் கூலிக்கு இசைந்து சென்றவராகவே கருதப்பட்டனர். 1967-இல் மலேசியாவுக்கும் சப்பானுக்கும் இடையே ஏற்பட்ட 25 மில்லியன் வெள்ளி உடன்பாடு அரசுகளுக்கு இடையிலானது. தனித் தொழிலாளியின் கைக்கு வந்த இழப்பீடு அன்று.

இதன் வெளிப்படையான அடையாளத்தைக் காஞ்சனபுரியில் காணலாம். அங்குள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசை வரிசையாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். மிகப் பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் வயதும் உள்ளன. போர் முடிந்த உடனேயே காடெங்கும் சென்று கைதிகளின் புதைகுழிகளைத் தேடிய குழுவில் மொழிபெயர்ப்பாளராகச் சென்றவர் முற்கூறிய நாகாசே. ஆசியத் தொழிலாளருக்கென அத்தகைய தேடல் நிகழவில்லை. 1990-இல் காஞ்சனபுரியில் கரும்பு வயலொன்றில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கொண்ட புதைகுழி வெளிப்பட்டபோதுதான் உலகம் சற்றே திரும்பிப் பார்த்தது.

நூல் எழுதுவதற்குரிய சூழலும் இத்தகையதே. தாள், எழுத்தறிவு, ஓய்வு, வாசகர், பதிப்பகம் ஆகியன மேனாட்டுக் கைதிக்கு விடுதலைக்குப் பின் காத்திருந்தன. மீண்டு வந்த தமிழருக்குக் காத்திருந்தது மீண்டும் பால்வெட்டுக் கத்தியும், 1948 முதல் அவசரகாலமும் ஆகும். எனவே 1946-க்கும் 1993-க்கும் இடைப்பட்ட இடைவெளியை மறதி என்று அழைப்பது தவறு. தோட்டத்தில் எவரும் மறக்கவில்லை. எழுத்தாக மாறும் வழி கிட்டவில்லை.

ஆசிரியர் கவனத்திற்கு

இவ்வொப்பீட்டிலிருந்து கற்பித்தலுக்குரிய சில குறிப்புகளைத் தொகுத்துக் கூறலாம். தமிழ்ப் புதினங்களை வரலாற்று ஆவணமாக அப்படியே கொள்ளுதல் கூடாது. அவற்றின் உரையாடல்களும் மாந்தர்களும் புனைவே. ஆயினும் ஆவணங்கள் கேட்கத் தவறிய வினாக்களை அவை கேட்கின்றன. அவ்வாறே மேனாட்டு நினைவுநூல்களை உண்மையென்றும் தமிழ் நூல்களைக் கதையென்றும் பிரிப்பதும் பொருந்தாது. ஐம்பது ஆண்டுக்குப் பின் எழுதிய எந்த நினைவும் தேர்ந்தெடுப்புக்கு உட்பட்டதே. லோமாக்சின் நூலையும் சண்முகத்தின் புதினத்தையும் ஒரே பருவத்தில் பாடமாக வைத்து, எது எங்கிருந்து தொடங்குகிறது, யாருக்குப் பெயருண்டு, யார் பெயரின்றி நிற்கின்றனர் என்று மாணவரைப் பட்டியலிடச் செய்தால், இலக்கியத் திறனாய்வும் வரலாற்று உணர்வும் ஒருங்கே வளரும்.

மீண்டவரின் வாய்மொழியைச் சேகரிக்கும் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. எனினும் அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் பேரரும் கிள்ளானிலும் பந்திங்கிலும் கோலசிலாங்கூரிலும் உள்ளனர். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் இந்நாளில், தோட்டத்துச் 'செக்ரோல்' ஏடுகள், தமிழ்ப்பள்ளிப் பதிவேடுகள், கோயில் கணக்குகள் ஆகியவற்றுள் எஞ்சியவற்றைத் திரட்டுவது அவசரப் பணியாகும். 1942-இல் பதிவேட்டில் இருந்து 1946-இல் இல்லாமற்போன ஒவ்வொரு பெயரும் விசாரணைக்குரியது. எல்லாப் பெயர்களும் சயாமைச் சுட்டா. எனினும் விசாரிக்கத் தொடங்குவதற்கு வேறு சான்று நம்மிடம் மிகுதியாக இல்லை.

முடிவுரை

தொகுத்து நோக்குங்கால், சயாம் பாதை பற்றிய மேனாட்டு நூல்கள் மனிதன் சிறையில் எவ்வாறு மனிதனாக நிலைத்தான் என்பதைச் சொல்கின்றன. தமிழ் நூல்கள், மனிதனாகவே கணக்கிடப்படாதவர்களை மனிதராகக் கணக்கில் சேர்க்க முயல்கின்றன. முன்னவற்றிற்குக் கல்லறையில் பெயர் இருந்தது. அதன்மேல் நூல் எழுந்தது. பின்னவற்றில் நூலே கல்லறையின் பணியையும் சேர்த்துச் செய்ய வேண்டியதாயிற்று. அவற்றில் காணப்படும் உணர்ச்சி மிகுதியையும் நிகழ்ச்சிச் செறிவையும் இந்நோக்கில் மதிப்பிடுதலே முறையாகும்.

இறந்த வீரனின் பெயரைப் பொறித்து நடுகல் நிறுத்துவது தமிழரின் தொன்மையான வழக்கம். 2023 மே மாதத்தில் காஞ்சனபுரியிலுள்ள ஒரு புத்தர் கோயில் வளாகத்தில் சயாம் பாதையில் மாண்ட தமிழர்களுக்காக நடுகல் ஒன்று நிறுத்தப்பட்டது. எண்பதாண்டுக்குப் பின்னேனும் அது நிறைவேறியது மகிழ்வுக்குரியது. அக்கல் அனைவருக்கும் பொதுவானது. தனித்தனிப் பெயர்களைத் தேடித் தரும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது. அப்பணி இனி ஆய்வாளரையும் ஆசிரியரையும் சார்ந்தது.